வலப் புருவத்துத் தழும்பு

மூக்கு முடிந்தது. உதடும் முடிந்தது. இனிக் கண்கள் மட்டும்தான் பாக்கி. கோனேரி ராஜு தூரிகையைச் சிரட்டைத் தண்ணீரில் அலசி, நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கி, கையைத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தார். எதிரே முழங்கால் உயரப் பலகை, பலகை மேல் ஒரு முழக் காகிதம், காகிதத்தில் கண்ணில்லாத ஒரு முகம். பத்தடி தள்ளி நாற்காலியில் கும்பினிப் பட்டாளத்துக் கப்பித்தான் வில்மட் கால்களை நீட்டிப் போட்டுக்கொண்டு கடுதாசி படித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் முக்காலியில், அவன் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷி மாசிலாமணி முதலியார் பொடி மட்டையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். அந்த மட்டை திறக்கும்போது ஒரு சத்தம், மூடும்போது ஒரு சத்தம். ராஜுவின் பிடரியில் ஒவ்வொரு சத்தமும் ஒவ்வொரு குத்தாக இறங்கியது. உறையூர் வெயில் ஜன்னல் வழியே வந்து பலகையின் ஓரத்தைத் தொட்டிருந்தது. அது காகிதத்தைத் தொடுவதற்குள் கண் எழுதி முடித்துவிட வேண்டும். முடித்துவிட்டால் இந்த முகம் இன்றைக்கே தபாற்குதிரையில் பட்டணம் போகும். அங்கே பத்துச் சித்திரக்காரர்கள் உட்கார்ந்து இதைப் பார்த்துப் பார்த்துப் படி எடுப்பார்கள். படிகள் ஒவ்வொரு காவல் தாணாவுக்கும் ஒவ்வொன்றாகப் போய்ச் சேரும். சிப்பாய்கள் அதைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு சந்தைக்குப் போகிறவன், சாவடியில் படுத்திருப்பவன், ஆற்றில் குளிக்கிறவன் என்று ஒவ்வொருவனையும் மோவாயைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பார்கள். இது வெள்ளூற்றுப் பாளையத்துப் படையை நடத்திய தளவாய் சிலம்பணச் சேர்வையின் முகம். அப்படித்தான் கப்பித்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

வெள்ளூற்றுக் கோட்டை விழுந்து எட்டு மாதம் ஆகிறது. பாளையக்காரரைத் தூக்கிலிட்டார்கள், அவர் தம்பியைத் தூக்கிலிட்டார்கள், ஒரு மரக்கால் அரிசி கொடுத்தான் என்று ஒரு குயவனைக்கூடப் புளிய மரத்தில் தொங்கவிட்டார்கள். தளவாய் மட்டும் அகப்படவில்லை. அகப்படாததற்குக் காரணம் காடு இல்லை, மலை இல்லை. அவர் முகம் எந்த வெள்ளைக்காரனுக்கும் தெரியாது. தெரிந்த ஊர்க்காரர்கள் நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள். அப்போதுதான் யாரோ ஒரு புண்ணியவான் கப்பித்தானிடம் சொன்னான், உங்கள் வீட்டில் சண்டைப் படம் எழுதிக்கொண்டிருக்கிறாரே ராஜு, அவர் மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒன்பது நாள் தளவாயை எதிரில் உட்காரவைத்துப் பார்த்து எழுதியவர் என்று. பத்து நாளைக்கு முன் துபாஷி வெற்றிலையைக் குதப்பியபடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "ஓய் ராஜு, உம்ம அதிர்ஷ்டம் என்ன அதிர்ஷ்டம்! துரை உம்மைத்தான் நம்பியிருக்கார். ஒரே ஒரு முகம். எழுதிக் கொடுத்துட்டு நீர் பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கலாம்." ராஜு, மறந்துபோச்சு முதலியாரே, மூணு வருஷம் ஆச்சு என்றார். முதலியார் சிரித்தார். "நீர் மறந்தீரா? செத்துப்போன பாளையக்காரர் பாட்டனுக்கு மூக்கில் எத்தனை மயிர் இருந்ததுன்னு கேட்டால் சொல்லுவீர். மறக்கலாம் ஓய், மறக்கலாம். விரலை ஒண்ணொண்ணா நசுக்கினால் ஞாபகம் வந்துடும்னு துரை சொல்றார். நான் சொல்லலே, துரை சொல்றார்." சொல்லிவிட்டு எழுந்துபோய் எச்சிலைத் துப்பினார். அந்தத் துப்பலின் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வலது கைக் கட்டைவிரல் அன்றிலிருந்து தனக்கென்று ஒரு பயத்தை வைத்துக்கொண்டிருக்கிறது. மற்ற நான்கு விரலும் தூங்கும்போது அது மட்டும் விழித்திருக்கிறது.

ஆனால் இந்தக் காகிதத்தில் இருப்பது தளவாய் இல்லை. இல்லையா? அவர்தான். அவர் இல்லை. ராஜு நினைப்பை அங்கேயே நிறுத்தப் பார்த்தார், அது நிற்கவில்லை. முகம் எழுதுகிற எவரும் செய்வதுதான் அவர் செய்தது. மெல்லிய தாளில் முகத்தை வரைந்து, கோடு போகிற வழியெல்லாம் ஊசியால் நெருக்கமாகத் துளை போட்டு வைத்திருப்பார்கள். அதை வெள்ளைக் காகிதத்தின் மேல் பரப்பி, துணியில் முடிந்த கரித்தூளால் தட்டினால் துளை வழியே கரி இறங்கிப் புள்ளி புள்ளியாக முகம் விழும். ஒரு துளைத்தாளிலிருந்து நூறு படம் எடுக்கலாம். தளவாயின் துளைத்தாள் மூன்று வருஷமாகப் பெட்டியின் அடியில் கிடந்தது. அதை எடுத்து விரித்துக் கரித்துணியைக் கையில் பிடித்தார். பிறகு, ஏன் என்று யோசிக்காமலே, தாளைப் புரட்டிப் போட்டார். வலது இடதாக, இடது வலதாக. தட்டினார். முகம் விழுந்தது. ஒரு கோடுகூடப் பொய் இல்லை, ஊசி குத்திய ஒவ்வொரு துளையும் சத்தியம், ஆனாலும் ஆள் அந்த ஆள் இல்லை. இடப் புருவத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு போன வெட்டுத் தழும்பு வலப் புருவத்துக்குப் போய்விட்டது. இடப்பக்கம் ஏறியிருந்த உதடு வலப்பக்கம் ஏறியது. சிப்பாய் தேடுவது தழும்பை. வலப் புருவத்தில் தேடட்டும். அன்றைக்கே துளைத்தாளை அடுப்பில் போட்டார். இனி அந்த முகம் இருப்பது இரண்டே இடத்தில், ஒன்று அந்த மனிதனின் கழுத்துக்கு மேலே, இன்னொன்று இந்த மண்டைக்குள்ளே. அப்புறமும் மனம் ஆறவில்லை. திருப்பிப் போட்டது போதுமா? தளவாயின் தாயாதி எவனாவது பிடிபட்டு, இதைப் பார்த்து, அட இது கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இருக்கிறதே என்று சொல்லிவிட்டால்? ஆகவே மூன்று நாளாக இங்கே உட்கார்ந்து வண்ணம் ஏற்றும்போது மூக்கைக் கொஞ்சம் அகலமாக்கினார். காதுமடலைத் தொங்கவிட்டார். கன்னத்தை ஒடுக்கினார். கை தானாகப் போயிற்று. அவ்வளவு லேசாகப் போனதே அவருக்குக் கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

கோனேரி ராஜு முகத்தில் பொய் எழுதமாட்டான். இது அவரே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த பேச்சு. எப்பேர்ப்பட்ட பேச்சு! எதிர்ச் சுவரில் ஆளுயரத்துக்கு மாட்டியிருந்த சண்டைப் படத்தை அவர் பார்க்காமல் இருக்க முயன்றார், பார்த்தார். அதில் கோட்டைச் சுவர் இடிந்து கிடக்கிறது, புகை, பிணங்கள், நடுவில் வெள்ளைக் குதிரை மேல் உருவிய வாளோடு கப்பித்தான் வில்மட். கோட்டை விழுந்த அன்று கப்பித்தான் மூன்று கல் தொலைவில் பல்லக்குக்குள் வயிற்றுப்போக்கில் சுருண்டு கிடந்தான் என்பது பட்டாளம் முழுவதற்கும் தெரியும். பல்லக்குத் தூக்கியவன் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். ராஜுவும் சிரித்தார். சிரித்துவிட்டு வந்து குதிரையை எழுதினார். குதிரையின் காலடியில் பாளையக்காரரை மண்டியிட வைத்தார். பாளையக்காரர் மண்டியிடவில்லை. பிணமாகக்கூடக் குப்புற விழாமல் மல்லாந்து கிடந்தார் என்றுதான் கேள்வி. மண்டியிட வை என்றான் கப்பித்தான், வைத்தார். கூன் விழுந்த ஜமீனை நிமிர்த்தியிருக்கிறார், கறுத்த ராணியை வெளுப்பாக்கியிருக்கிறார், அண்ணனை விஷம் வைத்துக் கொன்று பட்டத்துக்கு வந்தவனின் தலைக்குப் பின்னால் பொன் ரேக்கு ஒட்டி ஒளிவட்டம் வைத்திருக்கிறார். நாற்பது வருஷம். அப்போதெல்லாம் நெஞ்சு அடித்துக்கொண்டதில்லை. பெரிய மனிதர்கள் இட்ட பொய்யை எழுதுவது பொய்யில்லை, அது வேலை. தானாக ஒரு பொய் எழுதும்போதுதான், அதுவும் ஒரு உயிருக்காக எழுதும்போதுதான், நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறது. இதென்ன பிறவி! வெயில் பலகையில் ஒரு விரற்கடை முன்னேறியிருந்தது. கப்பித்தான் கடுதாசியிலிருந்து தலையைத் தூக்காமலே ஏதோ சொன்னான். "கண்ணு எப்போன்னு கேட்கிறார்" என்றார் முதலியார். கண் கடைசியில்தான் ஐயா, மனசு நிற்கணும் என்றார் ராஜு. "நிற்க வையும் ஓய். குதிரை சேணம் போட்டு நிற்குது, உம்ம மனசு நிற்காதா?"

கண். ஒன்பது நாளும் அந்தக் கண் இவரையே பார்த்துக்கொண்டிருந்தது. வெள்ளூற்று அரண்மனையில் ஆயுதக் கொட்டிலுக்குப் பக்கத்து அறை, எண்ணெயும் இரும்பும் கலந்த வாடை. தளவாய் வந்தார், மேல்துண்டை உதறித் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். நின்றுகொண்டிருந்த இவரைப் பார்த்து, "நீரும் உட்காரும்வே. நின்னுக்கிட்டு எழுதினா என் மூஞ்சியும் நின்னுக்கிட்டேல்ல வரும்?" என்றார். படம் எழுதப் போன எந்த அரண்மனையிலும் யாரும் இவரை உட்காரும் என்று சொன்னதில்லை. வெள்ளைக்காரர்கள் எழுதுகிற மாதிரி ஒரு பக்கத்துக் கன்னத்தில் நிழல் வைத்து எழுதிக் காட்டினார். தளவாய் வெகுநேரம் பார்த்தார். "படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா பாதி மூஞ்சியில ஏன்யா கரியைப் பூசினீரு? நான் என்ன திருடிட்டா மாட்டுனேன்?" அது நிழல் தளவாயே, வெளிச்சம் அந்தப் பக்கத்திலிருந்து வருது என்றார் இவர். "அப்ப என்னைத் திருப்பி உட்கார வையும். வெளிச்சத்தைப் பார்க்க உட்காருவேன்." கொட்டிலில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். இவர் புருவத்துத் தழும்பை மென்மையாக்கி எழுத, அதற்கும் விடவில்லை. "அதை எழுதும். பட்ட வெட்டை மறைச்சா வெட்டினவனுக்கு இல்ல மரியாதைக் குறைச்சல்?" அந்தப் படம் கோட்டையோடு எரிந்துபோயிற்று. அந்த அறையும், சிரித்தவர்களும். அந்த மனிதர் இப்போது எந்தப் புதரில், எந்தக் குகையில், என்னத்தைத் தின்று... நினைக்கக் கூடாது. நினைத்தால் அந்தக் கண் தூரிகைக்கு வந்துவிடும். வேறு கண். ஏதாவது ஒரு கண். கலங்காத, யாரையும் எதிர்க்காத, கீழே பார்த்துப் பழகின கண் ஒன்று. தூரிகை காகிதத்தைத் தொட்டது. இமைக்கோடு, விழி, விழியின் ஓரத்தில் ஒரு சிவப்பு ரேகை. இன்னொரு இமைக்கோடு. மூச்சை அடக்கி, விழிக்குள் ஒரு புள்ளி வெள்ளை. விட்டார். முடிந்தது. காகிதத்திலிருந்து ஒருவன் அவரைப் பார்த்தான். யாரோ ஒருவன். தளவாய் இல்லை. சத்தியமாகத் தளவாய் இல்லை. அவருக்குச் சிரிப்புக்கூட வரப் பார்த்தது.

முதலியார் எழுந்து வந்தார். குனிந்து பார்த்தார். பொடி மட்டை கையில் திறந்தபடியே நின்றுவிட்டது. "ஓய் ராஜு" என்றார், மெதுவாக. "இவனை நான் பார்த்திருக்கேனே." ராஜுவுக்குக் காது அடைத்தது. எங்கே பார்த்தார், எப்போது பார்த்தார், தளவாயைப் பார்த்தவரா முதலியார், அப்படியானால் திருப்பிப் போட்டதும் அகலமாக்கியதும்... "அட பாவி! இவன் இங்கேதானே இருக்கான்! புல்லுக்கட்டுக்காரன்! துரை குதிரைக்குப் புல்லு போடற சடையாண்டி! பாரும் ஓய், அதே மூக்கு, அதே தொங்கக் காது, அதே புருவத்து வெட்டு!" ராஜு பார்த்தார். அவர் பார்க்கப் பார்க்கக் காகிதத்து முகம் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு மேலே வந்தது. இரண்டு மாதமாகத் தினமும் இதே வேளையில் இந்த ஜன்னலுக்கு வெளியே புல்லுக்கட்டைச் சுமந்துகொண்டு லாயத்துக்குப் போகிறவன். ஒருநாளும் அவனை நின்று பார்த்ததில்லை. கண் பார்த்து வைத்திருந்தது. உலகத்தில் இல்லாத முகத்தை மனிதனின் கை உண்டாக்காது, எங்கோ பார்த்ததிலிருந்துதான் எடுக்கும். கற்றுக்குட்டிக்கும் தெரிந்த இதை நாற்பது வருஷம் எழுதியவர் மறந்துபோனார். மூக்கை அகலமாக்கு என்று இவர் சொன்னார், கை பக்கத்தில் கிடைத்த மூக்கை எடுத்துக்கொண்டது. அரிவாள் பிடிக்கிறவர்கள் நாட்டில் தழும்புக்கா பஞ்சம்? அதுவும் வந்து வலப் புருவத்தில் சரியாகப் பொருந்திவிட்டது. ஏழையின் முகம் எந்தப் படத்துக்கும் பொருந்தும். முதலியார் கப்பித்தானிடம் படபடவென்று இங்கிலீஷில் கொட்டினார். நடுவில் ராஜுவின் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார், "கோட்டை விழுந்து எட்டு மாசம். இவன் இந்த ஊருக்கு வந்தும் ஏழெட்டு மாசம்தான் ஆகுது. கிழக்கேயிருந்து வந்தேன்னு சொன்னான். எப்படி ஓய்! லாயத்துக்குள்ளேயே ஒளிஞ்சு உட்கார்ந்திருக்கான்!" கப்பித்தான் எழுந்துவிட்டான். வாசலில் இருந்த சிப்பாய்க்குக் குரல் போயிற்று.

வெளியே புல்லுக்கட்டு ஒன்று நடந்து வந்துகொண்டிருந்தது. கட்டுக்குக் கீழே இரண்டு கறுத்த கால்கள். இரண்டு சிப்பாய்கள் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினார்கள். "ஏன் சாமி? என்னாத்துக்கு?" என்றது கட்டுக்கு அடியிலிருந்து ஒரு குரல். "குதிரை பசியோட நிக்குமே. கட்டையாச்சும் எறக்கவுடுங்க, கழுத்து ஒடியுது." ராஜு எழுந்திருக்கவில்லை. மனம் மட்டும் எழுந்து அந்த அறையைச் சுற்றிச் சுற்றி ஓடியது. பேசாமல் இரு. ஒன்றும் செய்ய வேண்டாம், பேசாமல் மட்டும் இரு. உன்னைத்தான் கேட்பார்கள், இவன்தானா என்று. இங்கே அந்த முகத்தை அறிந்தவன் நீ ஒருவன்தானே. ஒரு தலையசைப்பு போதும். அசைத்துவிட்டால் இவனைத் தொங்கவிடுவார்கள். தளவாய் செத்துப்போனார் என்று பட்டணத்துக்கு எழுதுவார்கள். தேடுவதை விட்டுவிடுவார்கள். தளவாய் பிழைத்துப்போவார், இனி எவனும் அவரைத் தேடமாட்டான். நீ காப்பாற்ற நினைத்தாயே, காப்பாற்றிவிட்டாய். இதைவிடப் பெரிய காப்பு உண்டா? அவர் ஆயிரம் பேரைத் திரட்டக்கூடியவர், இவன் புல் அறுக்கிறவன். ஒன்றுக்கு ஒன்று. அப்படி நினைத்ததும் அவருக்கு வாய் கசந்தது. ஆயிரம் பேர் என்பது யார்? இவனைப் போல ஆயிரம் பேர்தானே? இவனைக் கொடுத்து அவரை மீட்டால் அந்த ஆயிரத்தில் ஒருவன் குறைகிறான், அவ்வளவுதானே என்று அந்தக் கணக்கு மறுபடி வந்து காலைப் பிடித்தது. உதறினார். அந்த மனிதர், வெட்டை மறைக்காதே என்றவர், நான் என்ன திருடினேனா என்று கேட்டவர், இன்னொருவன் கழுத்தில் தன் உயிரை வாங்கிக்கொள்வாரா? கேட்டால் வாங்கமாட்டார். கேட்காமல் கொடுத்தால்? யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். நாற்பது வருஷமாக எனக்கு எத்தனையோ தெரியும், தெரிந்துகொண்டுதானே சோறு தின்றேன். பத்து நாளைக்கு முன்னால் முதலியார் வந்து உட்கார்ந்தபோதே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் சாமர்த்தியம் பண்ணினேன். தாளைப் புரட்டிப் போட்டேன். நேரே நின்று சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் பக்கவாட்டில் நழுவுகிறவனுடைய சாமர்த்தியம் எல்லாம் கடைசியில் எங்கே போய் விழுகிறது? புல்லுக்கட்டுக்குக் கீழே இருக்கிற கழுத்தில்தான் போய் விழுகிறது. வெளியே அவனுடைய கட்டை ஒருவன் பிடித்துத் தள்ளினான். அது தொப்பென்று விழுந்தது. முகம் வெளியே வந்தது. அந்தக் கண்கள், யாரையும் எதிர்க்காத, கீழே பார்த்துப் பழகின கண்கள்.

கப்பித்தான் காகிதத்தைத் தூக்கி ஜன்னலுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணால் காகிதத்தையும் ஒரு கண்ணால் வெளியே நின்றவனையும் பார்த்தான். "இவன்தானான்னு துரை கேட்கிறார்" என்றார் முதலியார். அவர் முகம் முழுக்கச் சந்தோஷம். "சொல்லும் ஓய், வாயைத் திறந்து ஆமான்னு சொல்லும்." ராஜு எழுந்து நின்றார். முழங்கால் சொடுக்கியது. "இல்லை" என்றார். இவன் இல்லை முதலியாரே. அந்தப் படமும் அவர் இல்லை. நான் மாற்றி எழுதினேன். முதலியாரின் சந்தோஷம் அப்படியே முகத்தில் நின்று புளித்தது. "வாயை மூடும். உமக்குப் புத்தி பேதலிச்சு போச்சா? அரை நாழிகை வாயை மூடிக்கிட்டு இரும், நான் பார்த்துக்கிறேன்" என்று பல்லுக்குள் சொல்லிவிட்டு, கப்பித்தான் பக்கம் திரும்பிச் சிரித்த முகமாக நீளமாக எதையோ சொன்னார். கப்பித்தான் தலையாட்டினான். முதலியார் தன் பேச்சை மாற்றிச் சொல்கிறார் என்று ராஜுவுக்குப் புரிந்தது. இரண்டடி முன்னால் போனார். காகிதத்தில் விரலை வைத்தார். "பொய்" என்றார். தன் நெஞ்சில் விரலை வைத்தார். "நான். பொய்." கப்பித்தானுக்குத் தமிழில் பத்துச் சொல் தெரியும். வா, போ, குதிரை, தண்ணி. பொய் தெரியும். நம்மிடம் வந்து இறங்குகிற எவனும் முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்டு, நாம் வாயைத் திறக்கும் போதெல்லாம் நம் மேல் எறிகிற சொல் அது. எறிந்தே பழகியவன், ஒருவன் அதைத் தானே எடுத்துத் தன் மேல் போட்டுக்கொண்டதும் திகைத்துப்போனான். முதலியாரைப் பார்த்தான். முதலியாருக்கு இனி மறைக்க வழியில்லை. வியர்த்துக் கொட்டியபடி சொன்னார். கப்பித்தானின் கழுத்திலிருந்து சிவப்பு மேலே ஏறியது. காகிதத்தை நான்காகக் கிழித்தான். ஜன்னல் வழியே கத்தினான். சிப்பாய்கள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு விலகினார்கள். சடையாண்டி குனிந்து, சிதறிய புல்லை வாரிக் கூட்டிக் கட்டினான். "என்னமோ போங்க. பிடிக்கிறீங்க, விடுறீங்க. புல்லு எல்லாம் மண்ணாப்போச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கட்டைத் தலைக்கு ஏற்றி லாயத்துப் பக்கம் போனான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

கப்பித்தான் மேஜையிலிருந்து புதுக் காகிதம் ஒன்றை எடுத்து வந்து பலகையில் வைத்தான். கத்தவில்லை. கத்தாததுதான் அதிகம் பயமாக இருந்தது. முதலியார் கையைக் கூப்பினார். "சரியான முகத்தை எழுதச் சொல்றார் ஓய். இப்பவே. எழுதினால் நடந்ததை மறந்துடறேங்கிறார். உம்ம காலில் விழறேன் ராஜு, எழுதிடும்." வாசலில் இருந்த சிப்பாய் உள்ளே வந்து ராஜுவின் பின்னால் நின்றான், அவன் மூச்சு பிடரியில் பட்டது. ராஜு வெள்ளைக் காகிதத்தைப் பார்த்தார். அந்த முகம் இருந்த இடத்தில், அவர் மண்டைக்குள், அது இருந்தது, இடப் புருவத்துத் தழும்போடு, வெளிச்சத்தைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்தபடி. கட்டைவிரல் நடுங்கியது. நடுங்கட்டும், அதற்கு நடுங்கத் தெரியும், பாவம். தூரிகையைச் சிரட்டைக்குக் குறுக்கே வைத்தார். "மாட்டேன்" என்றார். கப்பித்தான் அவர் வாயையே பார்த்தான். பிறகு துபாஷியைப் பார்த்தான். அந்தச் சொல் அவனுக்குத் தெரியவில்லை. இந்த நாட்டில் இறங்கிய நாள் முதல் யாரும் அவனிடம் அதைச் சொன்னதில்லை, அதனால் அவன் அதைக் கற்றிருக்கவில்லை. முதலியார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார், எல்லாச் சொல்லுக்கும் இங்கிலீஷ் தெரிந்தவர் அதற்கு மட்டும் தெரியாதவர் போல. கப்பித்தான் தன் வாயாலேயே அதைச் சொல்லிப் பார்த்தான். "மாட்... டேன்?" கோனேரி ராஜு இன்னொரு தடவை சொன்னார், நிறுத்தி, மெதுவாக, அவன் கற்றுக்கொள்ளும்படி.